சபையார் சொல்லும் பாகம்

ராமராஜனுக்குக் காது கேட்காது என்பது ஆறு வருஷமாக ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவர் மனைவி கலாவதி. பெற்ற மகளுக்குத் தெரியாது, கோயிலில் ஆராதனை நடத்தும் ஆயருக்குத் தெரியாது, ஒரே பெஞ்சில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்த பூவராகவனுக்கும் தெரியாது. இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாம் எல்லாரும் அடுத்தவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஆட்களாக இருந்தால்தானே, அடுத்தவனுக்குக் கேட்கிறதா இல்லையா என்று கவனிப்போம்!

முசரவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் அவர் வீடு. சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவர். அந்தப் பக்கம் இது யாருக்கும் புதிய சமாசாரம் இல்லை. அவர் அப்பா அடுத்தவர் கழனியில் நாற்றுக்கட்டு சுமந்தவர். ராமராஜன் ஒரகடம் பக்கத்தில் காருக்குக் கதவுத் தகடு அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர், அதுவும் காண்ட்ராக்டில். ஒரே கொட்டகையில் பன்னிரண்டு பிரஸ். ஒவ்வொன்றும் இறங்கும்போது தரை அதிரும், பல் கூசும். காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பஞ்சு கொடுப்பார்கள். முதல் மாதம் கொடுத்ததோடு சரி, அப்புறம் கேட்டால் ஸ்டாக் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இடது காது போயிற்று. மகள் ஏஞ்சலுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு வலது காதும் சுத்தமாக அடைத்துக்கொண்டது. காஞ்சிபுரத்து டாக்டர், நரம்பே செத்துவிட்டது என்று சீட்டில் எழுதிக் காட்டினார்.

கம்பெனியில் இதை மறைப்பது பெரிய காரியமாக இல்லை. அந்தக் கொட்டகையில் யாருக்குமே எதுவும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். வருஷத்துக்கு ஒருமுறை வரும் மெடிக்கல் வேன்தான் எமன். காதில் ஒரு மெஷினை மாட்டிவிடுவார்கள், சத்தம் வரும்போது பட்டனை அமுக்க வேண்டும். ராமராஜன் ஜன்னல் கண்ணாடியில் அந்த நர்ஸின் விரலைப் பார்த்துக்கொண்டே உட்காருவார். அவள் விரல் அசைந்தால் இவர் விரலும் அசையும். ஆறு வருஷமும் பாஸ். அந்த வேனில் பெயிலான இரண்டு பேருக்கு ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. அந்த பயத்தில்தான் ராமராஜன் வாயைத் திறக்காமல் இருந்தார்.

சரி, கம்பெனியில் மறைத்தால் போதாதா, சபையில் ஏன் மறைக்க வேண்டும்? அங்கேதான் சிக்கல். சபைச் செயலாளர் லோகேஸ்வரன்தான் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு சூப்பர்வைசர். ராமராஜனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். கோயிலில் ஒருவருக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்குள் ராமராஜன் செவிடன் இல்லை. அது ஆராதனைப் புத்தகத்தின் புண்ணியம்! எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே வரிசைதான். ஆயர் வலது கையைத் தூக்கினால் இன்ன வரி, பலிபீடத்தைப் பார்த்துத் திரும்பினால் இன்ன ஜெபம், முழங்கால் போட்டால் பாவ அறிக்கை. ஆயர் சொல்லும் பாகம் சாதா எழுத்தில் இருக்கும், சபையார் சொல்லும் பாகம் தடித்த எழுத்தில் இருக்கும். ராமராஜன் ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில், ஆயரின் வாய் நேராகத் தெரிகிற இடத்தில் உட்காருவார். ஆயரின் உதடு மூடியதும் இவர் வாய் திறக்கும். தன் சத்தம் தனக்கே கேட்காததால் தொண்டை கிழியச் சொல்வார். ராமராஜனுக்குப் பக்தி முத்திவிட்டது என்றார்கள். நாளாக நாளாகச் சபையே அவருக்குப் பின்னால்தான் பதில் சொல்ல ஆரம்பித்தது. அவர் எழுந்தால் எழுந்தார்கள், அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள்!

பிரசங்கம்தான் எட்டாது. அந்த நேரம் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் கலாவதியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அவள் சிரித்தால் இவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து முழுப் பிரசங்கத்தையும் சொல்லிவிடுவாள். நெசவுக்காரர் வீடுகளுக்குத் தார்க்குச்சியில் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள் அவள். இழை அறாமல் சுற்றுகிற பொறுமை அவளுக்கு எல்லாவற்றிலும் இருந்தது. ஆயர் சொன்னதைவிட அவள் சொன்னது நன்றாக இருக்கும் என்பது ராமராஜனின் அபிப்பிராயம். இரண்டில் ஒன்றைத்தான் அவர் கேட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் ஆனந்தராஜ் ஆயர் வந்தார்.

நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வயது, நன்றாகப் பாடுவார், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். சபையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். செவிலிமேட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒரு ஜெபவீடு வந்திருந்தது. அங்கே டிரம்ஸ், கீபோர்டு, கலர் லைட்டு. பதினெட்டு வயதுக்காரர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே பைக்கில் பறந்தார்கள். இங்கே மிஞ்சியது நாற்பது தலை, அதில் முப்பது நரைத்த தலை. ஆயர் ராத்தூக்கம் கெட்டு யோசித்திருப்பார், பாவம்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கமிட்டி கூடியது. ராமராஜனும் கமிட்டி மெம்பர். கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்று கலாவதி முன்கூட்டியே லோகேஸ்வரனின் மனைவியிடம் விசாரித்துச் சொல்லி அனுப்புவது வழக்கம். அன்றைக்குக் கூரை ஓடு மாற்றும் விஷயம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். லோகேஸ்வரன் குனிந்து நோட்டைப் பார்த்துப் படித்தார், உதடு தெரியவில்லை. ஆயர் எழுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியபடி முகம் சிவக்க ஏதோ பேசினார், அவர் உதட்டையும் பிடிக்க முடியவில்லை. கூரை ஓட்டுக்கு இவ்வளவு உருக்கமா என்று ராமராஜனுக்கு ஆச்சரியம்தான். எல்லாரும் கையைத் தூக்கினார்கள், இவரும் தூக்கினார். நோட்டை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு பெஞ்சில் புத்தகம் இல்லை. அத்தனை புத்தகத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். பலிபீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை தொங்கியது. கீபோர்டு வந்திருந்தது. ஆயர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். சிலர் எழுந்தார்கள், சிலர் கையைத் தூக்கினார்கள், சிலர் அழுதார்கள். எது எதற்கு என்று ராமராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் பாட்டின் வரி வந்தது, அதைப் பாடினார். பாடி முடித்து உட்கார்ந்தால் சபை இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு வரியையே பதினோரு தடவை பாடுகிறார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் கலாவதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொஸ்தகத்த நிறுத்தறதுக்கு நீயும் கை தூக்கினியாமே மாமா?"

"கூரை ஓட்டுக்குன்னு நீதான சொல்லி அனுப்பின!"

"ஓடு மாத்தறது அடுத்த மாசமாம். நான் இன்னா பண்ணுவேன்?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போய் ஆயராண்ட சொல்லேன். எனக்குப் பொஸ்தகம் வேணும்னு சொல்லு."

"ஏன்னு கேப்பாரே."



அதற்கப்புறம் மூன்று வருஷம் ராமராஜன் கோயிலில், பெண்கள் பக்கம் முதல் பெஞ்சுக்கு மாறிய கலாவதியின் முதுகைப் பார்த்தே எழுந்து உட்கார்ந்தார். அவள் பைபிளை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் எழ வேண்டும், தலைமுக்காட்டை இழுத்துவிட்டால் கண்ணை மூட வேண்டும். இந்த வயசில் புருஷனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் ராமராஜனின் வாயில் இருந்த பதில்கள் போய்விட்டன. எங்கே சொல்வது? யாருக்குச் சொல்வது? பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், கோயில் நிறைந்தது, ஆயர் சந்தோஷமாக இருந்தார். நிறைந்த கோயிலில் ராமராஜன் ஒருவர் மட்டும் வெளியே நின்றார். அவருக்கு அது அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கலாவதிக்குக் கிட்னி கெட்டுப்போனது அந்த மூன்று வருஷத்துக்குள்தான். முகம் வீங்கியது, கால் வீங்கியது. வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ராமராஜன் இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு காலையில் அவளோடு போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கூரத்தில் வாக்கப்பட்டிருந்த ஏஞ்சல் முதலில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். ஏன்டி என்று அம்மா போனில் கேட்டால் ஒண்ணுமில்ல என்பாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வேலை அதிகம் என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இரண்டு வருஷம் போனது.

சாவதற்குப் பத்து நாள் முன்பு கலாவதி அவரைக் கிட்டே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்பதால் இவரிடம் பேசுவது அவளுக்கு எளிதாக இருந்தது.

"என்னைப் பொதைக்கறப்போ பொஸ்தகத்த வச்சிப் பொதைக்கச் சொல்லு மாமா."

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ."

"எனக்கு ஒண்ணும் இல்ல. எப்படிப் பொதைச்சாலும் நான் போய்ச் சேந்துடுவேன். உனக்குச் சொல்றேன். நான் பெட்டிக்குள்ள படுத்துக்கினு இருப்பேன், உனக்கு யாரு சாடை காட்டுவா? பொஸ்தகம் இருந்தா நீ யாரையும் பாக்க வேணாம். எந்த எடத்துல மண்ணு போடணும், எந்த எடத்துல ஆமென் சொல்லணும்னு உனக்கே தெரியும். எனக்காகப் பதில் சொல்ற ஆளு நீதான்." கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "ஆயராண்ட காது விஷயத்தச் சொல்லிடு. வேலை போனா போவட்டும்" என்றாள்.

ராமராஜன் சத்தியம் செய்தார். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். வேலை போனால் டயாலிசிஸுக்கு ஆட்டோவில் எப்படிக் கூட்டிப்போவது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். காரணமா கிடைக்காது! ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கலாவதி போய்விட்டாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு ராமராஜன் ஆயர் வீட்டுக்குப் போனார். லோகேஸ்வரன் அங்கே உட்கார்ந்து மைக் செட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஆயர் எழுந்து வந்து ராமராஜனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விட்டதும் ராமராஜன் அவர் உதட்டையே பார்த்தபடி சொன்னார்.

"அய்யா, அடக்க ஆராதனைய பழைய பொஸ்தகத்த வச்சி நடத்தணும். அவ கேட்டுக்கினா."

ஆயர் யோசித்தார். "அண்ணா, அந்த வார்த்தைங்க பெரியவங்க எழுதினதுதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மனப்பாடமா ஒப்பிக்கறப்போ மனசு எங்கயோ இருக்கும், வாய் மட்டும் சொல்லும். இன்னிக்கு வெளி ஆளுங்க நெறைய வருவாங்க. உங்க துக்கத்துக்கு மனசுலேர்ந்து ஜெபம் பண்ணா நல்லா இருக்கும்னு நெனைச்சேன்."

லோகேஸ்வரனும் ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது. நிறுத்தலாம் என்று நீயும் கை தூக்கினவன்தானே என்பதுபோல இருந்தது.

இப்போது சொல்லிவிட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதற்காகத்தான் வந்ததே. ராமராஜன் லோகேஸ்வரனின் சட்டைப் பையில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அவ ஆசைங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

"சரிண்ணா. கல்லறையில பொஸ்தகத்த வச்சே நடத்திடலாம்" என்று ஆயர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். ராமராஜனுக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த தன் புத்தகத்தை எடுத்து, அடக்க ஆராதனைப் பக்கத்தில் கலாவதியின் நூல் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டார்.

கல்லறை ஏரிக்கரையில் இருந்தது. நாலு மணி வெயில். மகள் ஏஞ்சல் முந்தின வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அவள் புருஷன் தூரத்தில் பைக்கில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. புத்தகத்தை விரித்து முதல் வாக்கியத்தைப் படித்தார். ராமராஜன் அவர் உதட்டையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சரியான இடம். உதடு மூடியது. சபையார் சொல்லும் பாகத்தை ராமராஜன் ஏரி அதிரச் சொன்னார்.

யார் வாயும் அசையவில்லை. புத்தகம் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, பெரியவர்களுக்கே மறந்துவிட்டது, பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. ஆயர் அடுத்ததைப் படித்தார். ராமராஜன் மறுபடியும் தனியாகக் கத்தினார். யாரோ ஒரு பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான்.

ஆயருக்குத் தாங்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதன் நூறு பேர் நடுவில் ஒண்டியாகக் கத்திக்கொண்டு நிற்கிறானே, இவனை இப்படி நிறுத்தி வைப்பது பாவம் என்று நினைத்துவிட்டார். இரக்கம்தான், வேறொன்றும் இல்லை. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடினார், மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு மனசிலிருந்து ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ராமராஜன் பக்கத்தைப் பார்த்தார். ஆயரைப் பார்த்தார். மைக்குக்குப் பின்னால் உதடு தெரியவில்லை. ஒருவேளை மூன்றாவது ஜெபமோ என்று பக்கத்தைப் புரட்டினார். இல்லையே, அதற்குக் கையைத் தூக்க வேண்டுமே என்று திரும்பப் புரட்டினார். பழக்கத்தில் பெண்கள் பக்கம் திரும்பிக் கலாவதியின் முதுகைத் தேடினார். கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். பூவராகவன் அவர் கையில் ஒரு பிடி மண்ணைத் திணித்தார். மண்ணை மூன்று தடவையாகப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தை இன்னும் வரவில்லை என்று ராமராஜன் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் மண்ணை அள்ளிப் போட்டது. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பெட்டியின் வெள்ளைச் சிலுவை மறைந்தது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. தன் மனைவியின் அடக்கத்தில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவளுக்காக ஒரு ஆமென் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"நிறுத்துங்கடா!"

மண்வெட்டிகள் நின்றன.

"எனக்குக் காது கேக்காது! ஆறு வருஷமா கேக்காது! ஒண்ணும் கேக்கலய்யா எனக்கு! அய்யா, எங்க இருக்கீங்க, எந்தப் பக்கத்துல இருக்கீங்க? அவளுக்குப் பதில் சொல்லணும்யா நான்!"

புத்தகத்தை விரித்து ஆயரிடம் நீட்டியபடி அந்த மனிதர் குழந்தைபோல அழுதார். ஆயருக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்தார். குழிக்கு எதிர்ப்பக்கம் வந்து ராமராஜனுக்கு நேராக நின்று, புத்தகத்தை மார்பளவுக்கு இறக்கிப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை விரித்துப் படித்தார். பாதி மூடிய குழியின் மேல் முதலிலிருந்து அடக்க ஆராதனை நடந்தது. சபையார் சொல்லும் பாகத்தை ராமராஜன் ஒருவரே சொன்னார். மூன்று இடத்திலும் சரியாக மண் போட்டார். அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கூட்டம் கலையும்போது லோகேஸ்வரன் எதிரில் வந்து நின்றார். இவருக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பக்கத்து பிரஸ்ல எவனாவது கை மாட்டிக்கினு கத்தினா உனக்குக் கேட்டிருக்காது இல்ல? எவன் கையாவது போயிருந்தா அவன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? நாளைலேர்ந்து வராதப்பா. சாவு அன்னிக்கே சொல்றேன், மனசுல வச்சிக்காத."

ராமராஜன் தலையை ஆட்டினார். லோகேஸ்வரன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

கடைசியாக ஏஞ்சல் வந்தாள். இரண்டு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நெஜமாவே கேக்காதாப்பா?"

"கேக்காதும்மா."

"எப்போலேர்ந்து?"

"உன் கல்யாணத்துக்கு அப்பால சுத்தமா இல்ல."

அவள் உதடு ஏதோ சொன்னது. நடுங்கியதால் அவருக்குப் பிடிபடவில்லை. மெதுவாகச் சொல்லும்மா என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கற நாளு, நான் போன் பண்ணேன். நீ எடுத்த."

ராமராஜனுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கலாவதியின் போன் மடியில் அதிர்ந்தது, மகள் போட்டோ தெரிந்தது. கலாவதி இல்லாதபோது போன் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எடுத்துக் காதில் வைத்து மனசுக்குள் இருபது எண்ணு, சரிம்மா என்று சொல். இன்னொரு இருபது எண்ணு, கர்த்தர் பாத்துப்பாரு என்று சொல். அப்புறம் நல்லா இரு என்று சொல்லி வைத்துவிடு. அதுவரைக்கும் யாரும் கண்டுபிடித்ததில்லை.

"வயித்துல மூணு மாசம் இருந்துச்சிப்பா. அவரு ஒதைச்சதுல போயிடிச்சி. வாலாஜாபாத்ல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு போன் பண்ணேன். என்னை வந்து கூட்டிக்கினு போயிடுப்பா, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா என்னைக் கொன்னுடுவாருன்னு சொன்னேன்."

எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை.

"நீ சரிம்மான்னு சொன்ன. கர்த்தர் பாத்துப்பாருன்னு சொன்ன. நல்லா இருன்னு வச்சிட்ட. நான் சாயங்காலம் வரிக்கும் பையோட அங்கயே நின்னுக்கினு இருந்தேம்பா. அப்பால அவரே வந்து கூட்டிக்கினு போனாரு."

ராமராஜன் வாயைத் திறந்தார். நாக்கில் முதலில் வந்து நின்றது அந்த சரிம்மாதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மண் ஒட்டிய கை, பல்லில் நறநறத்தது.

கரைமேல் மருமகன் பைக்கைத் திருப்பி நிறுத்தியிருந்தான். அவன் ஹாரன் அடித்தது ராமராஜனுக்குக் கேட்கவில்லை. மகளின் தோள் இரண்டும் தூக்கிப்போட்டதுதான் தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பத் திரும்பினாள். ராமராஜன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் ஏதோ சொன்னாள், இவர் உதட்டைப் பார்க்கவில்லை. அந்தத் தோள் மறுபடியும் தூக்கிப்போட்டது, பிறகு மறுபடியும். அவர் கையை விடவில்லை.